மரத்துக்கு ஜாமீன்

ஜொகூரில் வசந்தம் என்று ஒன்று கிடையாது. பள்ளிக்கூடப் புத்தகத்தில்தான் உண்டு. ஆனால் மார்கழி மழை ஓய்ந்து தை பிறந்ததும், பாலோ பக்கம் வெள்ளம் விட்டுப்போன சேறு காய்ந்து பொடியாகிப் பறக்கத் தொடங்கும். பக்கத்துத் தோட்டத்து ரப்பர் மரங்கள் இலை சிவந்து உதிர்ந்து கொஞ்ச நாள் மொட்டையாக நிற்கும். பிறகு செம்புக் காசு நிறத்தில் துளிர் விடும். சீனப் பெருநாள் பட்டாசு கேட்கிற நாட்களில் மாம்பூ வாசம் வரும். குயில் விடியுமுன்னே கத்தி ஆளை எழுப்பும். இது வசந்தம் இல்லையென்றால் வேறு எதுதான் வசந்தமாம் என்று சந்திரமதி கேட்பாள். கேட்க ஆள் இல்லாத வருடங்களில் அதை ஆடுகளிடம் கேட்டாள்.

ஆள் இல்லாத வருடங்கள் அவளுக்கு நிறைய. புருஷன் வீரமுத்து சிங்கப்பூருக்கு வேலையாட்களை ஏற்றிப்போகும் பஸ் ஓட்டினான். ஜொகூர் பாருவில் ஓர் அறை எடுத்துத் தங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவான். வந்தாலும் பாதி நாள் தூக்கம். மீதி நாளில் அடுத்த நாள் சட்டைக்கு இஸ்திரி போடுவான். பாலோ டவுனிலிருந்து மோட்டாரில் கால்மணி நேரத் தொலைவில் அவர்கள் வாங்கிப் போட்ட ஒன்றரை ஏக்கர் நிலத்தை வீடாகவும் தோட்டமாகவும் ஆக்கியது முழுக்கச் சந்திரமதிதான். லாலான் புல்லை வெட்டி, கீரைப் பாத்தி கட்டி, முருங்கையும் வாழையும் வைத்து, ஆடு நாலு வாங்கி, கோழி விட்டு, ஒரே மகள் யோகேஸ்வரியைப் படிக்க வைத்து, கல்யாணமும் செய்து கோத்தா திங்கிக்கு அனுப்பியாயிற்று.

போன தீபாவளியோடு வீரமுத்து வேலையை விட்டு வீட்டுக்கு வந்தான்.

வந்தவன் சும்மா இருந்தானா? பஸ் ஓட்டினவன் இல்லையா, எல்லாம் நேரப்படி ஓட வேண்டும். ஆட்டைத் திறந்துவிடக் காலை ஏழு மணி, கோழிக்குத் தீனி ஏழே கால், கீரைக்குத் தண்ணீர் ஏழரை. ஆடுகள் அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் புல் தின்ன மறுத்தன. வளைந்து கிடந்த கீரைப் பாத்தியை நேராக்குகிறேன் என்று கயிறு கட்டி வெட்டியதில் பாதிக் கீரை போயிற்று. மரங்களுக்கெல்லாம் இடுப்பு உயரம் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தான்.

"எதுக்குங்க சுண்ணாம்பு?"

"ரோட்டோரத்துல எல்லாம் அடிச்சிருக்காங்க பாத்ததில்ல? ராத்திரி வண்டி மோதாம இருக்க."

"நம்ம தோட்டத்துல என்னா வண்டி வருது லா?"

அவன் சுண்ணாம்பு வாளியை அடுத்த மரத்துக்கு நகர்த்தினான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. எரிச்சலும் வந்தது, ஆனாலும் சிரிப்புதான் கூட. சாயங்காலம் வெயில் இறங்கினதும் இரண்டு பேரும் ஆளுக்கொரு பாலில்லாத கோப்பி-ஓ எடுத்துக்கொண்டு ஆட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து டுரியான் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்காருவார்கள். பெரிதாக ஒன்றும் பேசமாட்டார்கள். அவன் காற்சட்டையை முட்டிவரை சுருட்டிவிட்டுக் காலை மண்ணில் வைத்துக்கொள்வான். "இந்த மண்ணுல கால வெச்சுக்கிட்டு ஒக்காரணும்னு எத்தன ஜேம்ல நெனச்சிருக்கேன் தெரியுமா" என்பான். சிங்கப்பூர்ப் பாலத்தில் நெரிசலில் நின்ற பஸ்ஸில் அவன் அப்படி நினைத்திருப்பான் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும். அந்த இரண்டு மாதம் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

அந்த மரம் அவளுடையது. யோகேஸ்வரி சின்னப் பிள்ளையாக இருந்தபோது சிம்பாங் ரெங்கம் சாலையோரக் கடையில் ஒரு பழம் வாங்கி, தாயும் மகளும் தின்று, வீரமுத்துவுக்கென்று இரண்டு சுளை எடுத்துவைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அவன் தின்று போட்ட கொட்டையை அவள் நட்டாள். மரம் நன்றாகத்தான் வளர்ந்தது. ஒரு ஆள் கட்டிப் பிடிக்கிற பருமன், ஆட்டுக் கொட்டகைக்குக் குடை பிடித்த மாதிரி நிழல். ஆனால் பூக்கவேயில்லை. ஒட்டுக் கன்று வைத்தவர்கள் எல்லாம் பழம் விற்றுத் தின்று முடித்துவிட்டார்கள். இது இலையை மட்டும் கொட்டிக்கொண்டு நின்றது.

காய்க்காத மரத்தைப் பயமுறுத்துவது என்று ஒரு வழக்கம் உண்டு. சந்திரமதியின் அம்மா தீம்பார் என்கிற ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது செய்தது. தை மாதத்து வெள்ளிக்கிழமை காலையில் ஒருவர் கத்தியோ கோடாலியோ எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போவார். "காய்க்கிறியா, வெட்டட்டுமா?" என்று அதட்டி, ஆயுதத்தின் பின்பக்கத்தால் மரத்தை நாலு பக்கமும் தட்டுவார். இன்னொருவர் ஓடிவந்து குறுக்கே நின்று, "விட்டுருங்க, இந்த வருசம் காய்ச்சிரும், நான் ஜாமீன்" என்பார். அதட்டினவர், "நீ சொல்றேன்னு விடுறேன்" என்று ஆயுதத்தைக் கீழே போடுவார். மரம் பயந்து காய்த்துவிடும். காய்க்காவிட்டாலும் ஒன்றுமில்லை, அடுத்த தையில் இன்னொரு தடவை. மூன்று நாலு வருடமாகச் சந்திரமதி கத்தியோடு நிற்பாள், பக்கத்து நிலத்துக் காளியம்மா ஜாமீன் நிற்பாள். முடிந்ததும் இரண்டு பேரும் சிரித்துவிட்டுப் பசியாறப் போவார்கள்.

இந்த வருடம் பொங்கலன்று வீரமுத்து சொன்னான், "நான் இருக்கேன்ல, நானே அதட்டுறேன். நீ ஜாமீன் நில்லு." அவளுக்கு அது பிடித்திருந்தது. புருஷனும் பெண்டாட்டியுமாகச் செய்தால் பலிக்கும் என்று அம்மா சொன்னதும் ஞாபகம் வந்தது.

பொங்கல் கழிந்து இரண்டு நாளில் யோகேஸ்வரி போன் செய்தாள். தலைச்சன் பிள்ளை, பங்குனிக் கடைசியில் பிறக்கும். அம்மா வந்து கூட இருக்க வேண்டும்.

"இங்க வந்து பெத்துக்கச் சொல்லு. அதான முறை" என்றான் வீரமுத்து.

"அங்க கிளினிக்குல பதிஞ்சிருக்காங்க. மாப்பிள்ளைக்கும் லீவு கெடைக்காது. நான் போய் இருந்துட்டு வரேன்."

"எத்தன நாளு?"

"புள்ளைக்கு முப்பது நாள் கழியணும். அப்புறம் அவ வேலைக்குப் போற வரைக்கும் பாத்துக்க ஆள் வேணும்ல?"

"அப்ப மூணு மாசம்."

"இருக்கட்டுமே. ஆடு கோழியத்தான் நீங்க பஸ் மாதிரி ஓட்டுறீங்களே."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அவன் கோப்பிக் குவளையை வைத்த சத்தத்தில் அது விளையாட்டாகப் போகவில்லை என்று தெரிந்தது.

"இத்தன வருசம் தனியா ஒரு ரூம்புல கெடந்தேன். இப்பத்தான் பொண்டாட்டியோட இருக்கலாம்னு வந்தேன். நீ கெளம்புறியா? போ. போனா அங்கேயே இரு."

"நீங்க தனியா இருந்தப்ப நான் மட்டும் யாரோட இருந்தேன்?" என்றாள் சந்திரமதி.

அதற்கு மேல் பேச்சில்லை. அன்று சாயங்காலம் நாற்காலி ஒன்றுதான் மரத்தடிக்குப் போயிற்று. சோறு போடுவாள், அவன் தின்பான். தட்டைக் கழுவி வைப்பான், அவள் எடுத்துக் கவிழ்ப்பாள். சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளும் சாதி இரண்டும் இல்லை. அத்தனை வருடம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் குடும்பம் நடத்தினவர்களுக்குச் சண்டை போட நேரம் எங்கே இருந்தது? அதனால் பழக்கமும் இல்லாமல் போயிற்று. தைரியமாகக் கத்தத் தெரிந்தவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தபோது வெளியே கோடாலி தீட்டுகிற சத்தம் கேட்டது. பின்பக்கத்தால் தட்டுவதற்கு எதற்குத் தீட்டல் என்று அவள் நினைத்தாள். பிறகு அவன் குரல் வந்தது. சண்டைக்குப் பிறகு அவன் அவளைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை.

"சந்திரா, வா. நேரமாச்சு."

ஈரக் கையோடு போய் ஆட்டுக் கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெயில் அப்போதுதான் ரப்பர் மரங்களின் மொட்டைக் கிளைகளுக்கு நடுவே வந்துகொண்டிருந்தது. வீரமுத்து கோடாலியைத் தூக்கினான்.

"ஏய் மரமே. இத்தன வருசம் ஒனக்குத் தண்ணி ஊத்தி, ஒரம் போட்டு வளத்தாச்சு. நெழல் மட்டும் குடுத்தா போதுமா? காய்க்கிறியா, வெட்டட்டுமா?"

பின்பக்கத்தால் ஒரு தட்டு. அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

அவள் சொல்ல வேண்டியது ஒரு வரி. வருடா வருடம் காதால் கேட்ட வரி. தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் 'போனா அங்கேயே இரு' என்றது அங்கே முன்னாடியே உட்கார்ந்திருந்தது. அதை அவன் முதலில் எடுக்கட்டும் என்று நினைத்தாள். ஒரு வார்த்தை, 'போய்ட்டு வா' என்று சொல்லட்டும், நானும் சொல்கிறேன்.

அவன் மரத்தின் இடப்பக்கம் போனான். "கேக்குதா? வெட்டட்டுமா?" இன்னொரு தட்டு. காத்திருந்தான். அந்தப் பக்கம் போய்க் கேட்டான். இந்தத் தடவை கோடாலி திரும்பியிருந்தது. பட்டையில் ஒரு கீறல் விழுந்தது. நாலாவது பக்கம் வந்தபோது அவன் மரத்தைக் கேட்கவேயில்லை. அவளைப் பார்த்துத்தான் கேட்டான்.

"வெட்டட்டுமா சந்திரா?"

அவள் திரும்பி அடுப்படிக்குப் போனாள்.

சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு என்று நிற்கவில்லை. அவன் மரத்தைச் சுற்றிக்கொண்டே போகிறான் என்பது சத்தத்திலேயே தெரிந்தது. அவள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓடி வெளியே வந்தபோது முடிந்திருந்தது. வெள்ளைச் சுண்ணாம்புக்கு மேலே, ஒரு சாண் அகலத்துக்குப் பட்டை முழுக்கப் போய், மரத்தைச் சுற்றி ஈரமாக ஒரு வளையம். பட்டைத் துண்டுகள் காலடியில் கிடந்தன. வீரமுத்து கோடாலியைப் பார்த்துக்கொண்டு நின்றான், அது வேறு யாருடையதோ என்பதுபோல.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். வாயைத் திறக்காமல் நின்றவளுக்கு என்ன மட்டு என்று பெரியவர்கள் யாரும் சொல்லி வைக்கவில்லை.

மத்தியானமே அவன் காளியம்மா வீட்டுக்கு மோட்டாரில் போய்ச் சாணி கேட்டு வாங்கி வந்தான். களிமண்ணும் சாணியும் குழைத்து வெட்டுக்காயத்தில் பூசி, உரச் சாக்கைக் கிழித்துச் சுற்றிக் கட்டினான். மறுநாள் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். தாய்லாந்துக்காரன் ஒருவன் அவன் பாஷையில் பேசிக்கொண்டே மரத்துக்கு வைத்தியம் செய்கிற படம். பேச்சுப் புரியாமல் கையை மட்டும் பார்த்து, கிளையிலிருந்து குச்சிகளை வெட்டி, வெட்டுக்குக் கீழே ஒரு முனையும் மேலே ஒரு முனையும் செருகிப் பாலம் மாதிரி வைத்தான். யோகேஸ்வரியின் பழைய மழைக்கோட்டைக் கிழித்துக் கட்டினான். குச்சிகள் வாரத்துக்குள் காய்ந்துபோயின. திரும்ப வைத்தான். காலையில் இரண்டு வாளி, மாலையில் இரண்டு வாளி தண்ணீர் சுமந்து ஊற்றினான். ஆட்டுக்கு ஏழு மணி, கோழிக்கு ஏழே கால் என்பதெல்லாம் அதோடு போயிற்று. சந்திரமதி அடுப்படி ஜன்னலில் நின்று பார்ப்பாள். போய் ஒரு வாளியைத் தான் தூக்கினால் என்ன என்று தோன்றும். தூக்கினால் பேச வேண்டும்.

அந்த வருடம் மாசியில் நல்ல வெயில். ஆறு வாரம் ஒரு சொட்டு மழை இல்லை. ரப்பர் எல்லாம் துளிர்த்து, அந்தப் பக்கத்து வானமே பளபளவென்று இருந்தது. மாமரம் பூத்தது, ரம்புத்தான் பூத்தது. ஒரு நாள் காலை ஆட்டைத் திறக்கப் போனவள் மேலே பார்த்தாள். டுரியான் கிளைகளில் அடிப்பக்கமாக, வரிசை வரிசையாக, நண்டுக் கண் மாதிரி மொட்டுகள்.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஓடிப்போய், "யோகேஸ் அப்பா, மேல பாருங்க" என்று கூப்பிட்டாள். அவன் வாளியைக் கீழே வைத்துவிட்டு மேலே பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

"பொழச்சிருச்சு போல" என்றாள்.

அவன் வாளியை எடுத்துக்கொண்டான்.

மொட்டுகள் கொத்துக் கொத்தாகப் பருத்துத் தொங்கின. பிறகு ஒரு சாயங்காலம் விரிந்தன. தேனும் புளித்த பாலும் கலந்த வாசம் வீட்டுக்குள் வரை வந்தது. பொழுது சாயும்போது வௌவால்கள் வந்து கிளை கிளையாகத் தொங்கின. விடிந்தால் தரை முழுக்கப் பூ. ஆட்டுக் கொட்டகைக் கூரையில் பூ, நாற்காலியில் பூ. அந்த ஊரில் எந்த மரமும் அப்படிப் பூத்து யாரும் பார்த்ததில்லை. வழியில் போகிறவர்கள் மோட்டாரை நிறுத்திப் படம் பிடித்தார்கள். சந்திரமதி ஒரு படம் எடுத்து மகளுக்கு அனுப்பினாள். "அம்மா, பாப்பாவோட அதிர்ஷ்டம்" என்று பதில் வந்தது.

காளியம்மா கூடையோடு வந்தாள். டுரியான் பூவைக் காம்பு ஆய்ந்து நெத்திலி போட்டுப் பிரட்டினால் அவளுக்கு வேறு கறியே வேண்டாம்.

"பாத்தியா சந்திரா, பயமுறுத்துனது பலிச்சிருச்சு. நான் இல்லாம யாருடி ஜாமீன் நின்னா?"

"யாரும் நிக்கல க்கா."

"நிக்காமயா இப்படிப் பூக்குது?" என்று சிரித்துக்கொண்டே குனிந்து பூப் பொறுக்கியவள் சாக்குக் கட்டைப் பார்த்தாள். "இது என்னா கட்டு? அன்னிக்கு ஒம் புருசன் சாணி கேட்டு வந்தது இதுக்கா?"

கையை விட்டுச் சாக்கைக் கொஞ்சம் விலக்கினாள். அப்படியே மூடினாள். பிறகு சந்திரமதியைப் பார்க்காமல் பேசினாள்.

"நம்ம தீம்பாருல பழைய மரத்த அழிக்கணும்னா இப்படித்தான் சுத்தி வெட்டுவாங்க, ஞாபகம் இருக்கா? வெட்டுன மரம் அந்த வருசம் காய் காய்னு காய்க்கும். சாவப் போறது அதுக்குத் தெரிஞ்சுரும் போல."

"காய்க்குமா க்கா?"

"எலையில சேர்ற சத்தக் கீழ வேருக்கு எறக்க முடியாது பாரு. இருக்கறத எல்லாம் அங்கயே செலவு பண்ணுது. அவ்வளவுதான் புள்ள."

ஏன் வெட்டினான் என்று காளியம்மா கேட்கவில்லை. கூடையில் பொறுக்கினதில் பாதியை அடுப்படி வாசலில் கொட்டி வைத்துவிட்டுப் போனாள்.

சந்திரமதி அதை ஆய்ந்து, சின்ன வெங்காயமும் காய்ந்த மிளகாயும் வதக்கி, நெத்திலி போட்டுப் பிரட்டினாள். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து தின்றார்கள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"நல்லா இருக்கு" என்றான்.

"இன்னும் கொஞ்சம் போடவா?"

"போடு."

போட்டாள். அவன் தட்டைப் பார்த்தபடியே சொன்னான், "நீ சொல்லுவேன்னு நெனச்சேன் சந்திரா. ஒவ்வொரு பக்கமும் நின்னு பாத்தேன்."

"நீங்க வெட்ட மாட்டீங்கன்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றான்.

சோறு ஆறிப்போயிற்று.

காய் பிடித்தது. கட்டைவிரல் அளவு, பச்சையாக, அந்தச் சின்ன உடம்பிலும் முள். வீரமுத்து தினமும் அண்ணாந்து பார்த்து நிற்பான். எலுமிச்சை அளவு ஆனதும் கொட்டத் தொடங்கியது. ராத்திரியெல்லாம் ஆட்டுக் கொட்டகைத் தகரத்தில் டொக் டொக்கென்று விழும். காலையில் அவள் கூட்டி அள்ளிக் குப்பைக் குழியில் போடுவாள். பங்குனி பாதியில் இலைகள் ஒரே பக்கமாகச் சுருண்டு பழுத்தன. பக்கத்துத் தோட்டத்து ரப்பர் அப்போது அடர் பச்சையில் நிழல் கட்டி நின்றது. அவள் ஆசையாகக் காத்திருந்து பார்க்கிற பருவம் அதுதான். இந்த வருடம் அந்தப் பக்கம் பார்க்கப் பிடிக்கவில்லை. ஒரு வரி, ஒரே ஒரு வரி என்று கூட்டுமாற்றால் தரையைக் கீறிக்கொண்டே நினைப்பாள். மூன்று மாதம் கழித்து அவன் கோபம் தீர்ந்துதான் இருக்கும். மரம் அடுத்த தைக்கும் நின்றிருக்கும்.

பிரசவ நாள் நெருங்கிய ஒரு சனிக்கிழமை காலை, அவளை அழைத்துப்போக மருமகன் காரோடு வந்தான். அவனுக்குக் கோப்பி கொடுத்துவிட்டு, பையையும், பத்தியத்துக்கு இடித்து வைத்த மருந்துப் பொடி டப்பாவையும், முருங்கைக் கீரைக் கட்டையும் எடுத்து வாசலில் வைத்தாள். வீரமுத்துவைக் காணவில்லை. பின்பக்கம் போனாள்.

அவன் மரத்தடியில் கோடாலியோடு நின்றான். சாக்குக் கட்டு அவிழ்ந்து கீழே கிடந்தது. குச்சிப் பாலங்கள் கருத்திருந்தன.

"காஞ்சுபோன மரம். காத்தடிச்சா கொட்டக மேல விழுந்துரும். ஆடு செத்துரும்" என்றான் அவளைப் பார்க்காமல். "நீ போயிரு. நீ போன அப்புறம் வெட்டலாம்னு இருந்தேன்."

கோடாலியைத் தூக்கினான். தூக்கினதும் அது அங்கேயே நின்றது. அவன் கேட்கவில்லை. கேட்பதற்கு இனி என்ன இருக்கிறது? சந்திரமதி நடந்து போய் அவனுக்கும் மரத்துக்கும் நடுவில் நின்றாள். முதுகில் காய்ந்த பட்டை உரசியது.

"விட்டுருங்க" என்றாள். "அடுத்த வருசம் காய்ச்சிரும். நான் ஜாமீன்."

அவன் மேலே கிளைகளைப் பார்த்தான்.

"அது இனிமே காய்க்காது சந்திரா."

"தெரியும்."

"அப்புறம் எதுக்குச் சொல்ற?"

"அன்னிக்குச் சொல்லலியே. அதான்."

வாசலில் மருமகன் காரைக் கிளப்பிக் காத்திருந்தான். வீரமுத்து கோடாலியை மெதுவாக இறக்கி மண்ணில் போட்டான். அவன் சொல்ல வேண்டியதும் ஒன்று பாக்கி இருந்தது.

"நீ சொல்றேன்னு விடுறேன்." பிறகு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போய்ட்டு வா" என்றான்.

மருமகன் காரைப் பின்பக்கமாக எடுத்துத் திருப்பியபோது அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவன் கிணற்றடியிலிருந்து இரண்டு வாளி தண்ணீரைத் தூக்கிக்கொண்டு டுரியான் மரத்தடிக்குப் போய்க்கொண்டிருந்தான்.